காயாத சுவர்

எங்கள் வார்டில் ஒரு சட்டம் உண்டு. வீட்டிலிருந்து வரும் எதுவும் உள்ளே போகக் கூடாது. பழம் கூடாது, பிஸ்கட் கூடாது, தலையணை கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அதைக் காவல் காப்பவள் நான்தான். போதையை விடுவதற்காக வந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு அதே மாத்திரையைப் பற்பசைக் குழாய்க்குள் அடைத்துக் கொண்டுவந்த தாயைப் பார்த்திருக்கிறேன். சட்டைக் காலருக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த மனைவியைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான். துடிக்கிறானே, பார்க்க முடியவில்லையே என்பார்கள். பார்க்க முடியாவிட்டால் வீட்டில் இருங்கள், பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பேன். வார்டில் எனக்குப் ‘பூட்டு’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குக் காது கூர்மை.

அப்படிப்பட்ட வார்டுக்கு ஒரு பெயிண்டர் வந்தார். அழைத்துக்கொண்டு வந்தது அவருடைய அக்கா. கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிறவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டார். வலிக்குக் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு கைப்பிடியாகி, கடைசியில் மாத்திரை கிடைக்காத நாளில் வேலைக்குப் போக முடியாமல் சுருண்டு கிடக்கும் அளவுக்கு வந்துவிட்டார். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தவர் அக்காதான். துணி தைக்கும் கம்பெனியில் மேற்பார்வை வேலை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டின் மாடியறையில் இந்தத் தம்பி ஒருவர்தான்.

சேர்க்கும்போது டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குடிப்பீர்களா, புகைப்பீர்களா, தூக்கத்துக்கு ஏதாவது போடுவீர்களா. பெயிண்டர் சிரித்துவிட்டார்.

“அக்கா வீட்டுல எனக்குத் தூக்க மாத்திரை எதுக்கு சார்? வேற எங்க படுத்தாலும் கண்ணு மூடாது. அங்க போயி அக்கா போடுற இஞ்சி டீயைக் குடிச்சாப் போதும், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்.”

டாக்டர் அக்காவைப் பார்த்தார். தம்பி அந்த மாதிரி எதுவும் போட மாட்டான் என்றார் அக்கா. நாங்களும் எழுதிக்கொண்டோம். உலகம் முழுக்க டீ குடித்தால் தூக்கம் போகும், இவருக்கு மட்டும் வருகிறதே என்று எனக்கு அப்போதே ஒரு சிரிப்பு வந்தது. சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

எங்கள் முறை எளிமையானது. எந்த மாத்திரையையும் திடீரென்று பிடுங்க மாட்டோம். பழகிய உடம்பு அதைத் தாங்காது. அதற்குப் பதிலாக ஒரு மருந்தைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைப்போம். ஏணியிலிருந்து இறங்குகிற மாதிரி என்று பெயிண்டரிடம் சொன்னேன். “குதிச்சுப் பழகினவன் சிஸ்டர் நான், இப்பத்தான் இறங்கக் கத்துக்கறேன்” என்றார். முதல் நாட்கள் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே போயின. கொட்டாவி, மூக்கில் தண்ணீர், உடம்பு சிலிர்ப்பு, வயிற்றுப்போக்கு, படுக்கையில் கால் உதைத்துக்கொண்டே இருப்பது. பிறகு அதுவும் அடங்கியது. மறுசோறு கேட்டார். பக்கத்துப் படுக்கைக்காரரோடு அரட்டை அடித்தார்.

அக்கா தினமும் சாயங்காலம், பார்வையாளர் நேரத்துக்கு, கையில் ஒரு பிளாஸ்க்கோடு வருவார். நான் தினமும் அதை வாசலிலேயே நிறுத்துவேன். ஒரு வாய் டீதானே என்பார். ஒரு வாயும் கிடையாது என்பேன். முகம் வாடிப்போகும். ஆனாலும் மறுநாள் பிளாஸ்க் வரும். இந்த அம்மாவுக்குக் காது கேட்காதா, இல்லை எனக்கு வாய் இல்லையா என்று எரிச்சல்படுவேன்.

தேறிவிட்டார் என்று நாங்கள் நினைத்த நேரத்தில்தான் பெயிண்டர் கெட்டார்.

ஒரு நாள் காலை நான் மருந்துத் தட்டை வைத்துவிட்டுச் சுவரில் கை ஊன்றினேன். படுக்கையிலிருந்து ஒரு சத்தம்: “தொடாதீங்க சிஸ்டர், காயலை.” விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. சுவரில் பெயிண்ட் வழிந்துகொண்டே இருக்கிறதாம், எவனோ தண்ணீர் அதிகமாகக் கலந்துவிட்டானாம், இப்படி அடித்தால் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று கோபம் வேறு. அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து எத்தனையோ காலம் ஆகிறது. அது எனக்குத் தெரியும். இருந்தும் அவர் சொன்ன அழுத்தத்தில் விரலைச் சுவரில் வைத்து எடுத்துப் பார்த்தேன். விரல் காய்ந்துதான் இருந்தது. என் மண்டைதான் காய்ந்தது.

கை நடுங்கியது. வியர்வை ஊற்றியது. கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் தூக்கிப் போட்டது. கண்ணை மூடவே இல்லை. வலி மாத்திரையை விடுகிறவருக்கு இப்படி வரக் கூடாது. அதுவும் தேறிய பிறகு வரவே கூடாது. இது குடியை நிறுத்தியவர்களுக்கு வருவது. ஆனால் பெயிண்டர் குடிக்கிறவர் இல்லை. ரத்தமும் அதையே சொன்னது. எங்களிடம் இருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த அட்டைக்குச் சில மாத்திரைகள் தப்பிவிடும் என்பதால் வெளியே பெரிய பரிசோதனைக்கு அனுப்பினோம். அந்த முடிவு வந்தபாடில்லை. விழுந்தபோது தலையில் அடிபட்டிருக்குமோ என்று படம் எடுத்தோம். தலை சுத்தமாக இருந்தது.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். குழம்பினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த வாரம் அது பளபளவென்று இருந்தது. அடங்க வைக்க ஏதாவது மருந்து கொடுக்கலாம்தான், ஆனால் ஏற்கெனவே உடம்பில் இருக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். கொடுக்காவிட்டால் வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம். என்னவென்று தெரியாமல் எதைக் கொடுப்பது? அக்காவிடம் மறுபடி கேட்டார், தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார். அக்கா தம்பியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், ஒன்றும் இல்லை என்று.

அன்று பிளாஸ்க்கை நான் வழக்கம்போல மறித்தபோது, டாக்டர் குறுக்கே வந்து, இன்றைக்கு மட்டும் விடுங்கள், அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார், மனதுக்காவது ஆறுதலாக இருக்கட்டும் என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் டாக்டர் சொன்ன பிறகு பூட்டு என்ன செய்யும்?

குடித்தார். தூங்கினார். மறுநாள் காலையில் நான் போனபோது எழுந்து உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். கையில் நடுக்கம் இல்லை. “சுவர் நல்லாத்தானே இருக்கு, யாரு காயலைன்னது?” என்று என்னையே கேட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வார்டில் ஆலோசனை சொல்லும் ஒருவர் இருக்கிறார். ‘அட்வைஸ் அண்ணன்’ என்போம். அவருக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. இதுதான் பாசத்தின் சக்தி, எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது என்று மற்ற நோயாளிகளைக் கூட்டி வைத்து ஒரு பிரசங்கமே நடத்தினார். என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடியே பேசினார். இத்தனை நாள் ஒரு வாய் டீயைத் தடுத்து ஒரு மனிதனை நான்தான் வதைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்காத உணர்ச்சி. அன்று முழுக்க எல்லாரிடமும் வள்ளென்று விழுந்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குக் கம்பெனியில் கூடுதல் வேலை, வரவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் சுவர் மறுபடி வழியத் தொடங்கிவிட்டது. இந்த முறை முன்னைவிட மோசம். எங்கே இருக்கிறோம் என்பதே பாதி நேரம் தெரியவில்லை. என்னைச் சித்தி என்று கூப்பிட்டார்.

பாசம் ஒரு நாளில் காலாவதியாகுமா? அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு வேளைக்கு வேலை செய்து, அடுத்த வேளை இல்லாவிட்டால் ஆளை ஆட்டி வைப்பது எது என்று எனக்குத் தெரியும், என் பிழைப்பே அதுதான். டீ குடித்தால் தூக்கம் வருகிறவர் என்று சிரித்தேனே, அந்த டீ மறுபடி நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அக்கா வந்ததும் பிளாஸ்க்கை மறிக்கவில்லை. அவரைப் போர்வை அடுக்கும் அறைக்குள் அழைத்துப் போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். இஞ்சி வாசனை அறை முழுக்க ஏறியது. வாங்க, இன்றைக்கு நாம் சேர்ந்து குடிப்போம் என்றேன். அவர் திருதிருவென்று முழித்தார். டம்ளரைத் தொடவில்லை. நான் என் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். டீ என் மடியில் சிந்தியது.

“வேணாம் சிஸ்டர். நீங்க டியூட்டில இருக்கீங்க.”

பிறகு எல்லாம் வந்தது. தம்பி விழுந்த பிறகு ராத்திரியெல்லாம் மாடியில் நடந்துகொண்டே இருப்பாராம். நடக்கிற சத்தம் நின்றால் மாத்திரை தேடி வெளியே போய்விட்டார் என்று அர்த்தமாம். இந்த அம்மா கீழே படுத்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்ததில் தூக்கம் போய், கம்பெனியில் தூக்கக் கலக்கத்தில் தையல் இயந்திரத்துக்குள் கையை விட்டுக்கொள்ள இருந்திருக்கிறார். அவருடைய டாக்டர் அவருக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை அவர் போட்டுக்கொள்ளவில்லை. பொடி பண்ணித் தம்பியின் டீயில் போட்டார். ஒன்று கேட்காமல் போனபோது இரண்டு, இரண்டும் கேட்காமல் போனபோது மூன்று. இஞ்சியும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்டால் கசப்பு தெரியாது.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து ஆள் செத்தே போவார், உங்கள் தம்பி அந்த விளிம்பில்தான் நிற்கிறார், நாங்கள் ஊமை மாதிரி சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறோம், உங்களுக்கு எழுதிய மாத்திரை அவர் வயிற்றுக்குள் எப்படிப் போகலாம் என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“அவன் தூங்கினா நானும் தூங்குவேன் சிஸ்டர். மாத்திரை யாரு வயித்துல போனா என்ன?”

 டாக்டரைக் கூட்டிவர ஓடினேன்.

அதற்குப் பிறகு வேலை எளிது, என்னவென்று தெரிந்துவிட்டதே. டாக்டர் கணக்குப் போட்டு அதே வகை மருந்தை அளவோடு கொடுத்தார். மூச்சையும் நாடியையும் நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். வலி மாத்திரைக்குப் பதிலாகக் கொடுத்துவந்த மருந்தைக் குறைப்பதை அப்படியே நிறுத்தி வைத்தோம். ஒரே நேரத்தில் இரண்டு ஏணியிலிருந்து யாரும் இறங்க முடியாது. முதலில் தூக்க மருந்து வாரக்கணக்கில் மெதுவாக, அது முடிந்த பிறகு மற்றது. சுவர் காய்ந்தது. பெயிண்டர் என்னை மறுபடி சிஸ்டர் என்று கூப்பிட்டார்.

குழப்பம் மட்டும் தீரவில்லை, அது இடம் மாறி எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவனிடம் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினார். சொன்னால் எழுந்து போய்விடுவான், என் பேச்சை நம்பித்தான் இங்கே வந்தான் என்றார். அது பொய்யில்லை. எங்கள் வார்டில் யாரையும் கட்டி வைப்பதில்லை. போகிறேன் என்று தெளிவாகச் சொன்னால் கதவைத் திறந்தாக வேண்டும். இந்த நிலையில் அவர் போனால் இரண்டு மருந்தும் ஒரேயடியாக நிற்கும். அப்புறம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் தெரியாமல் ஒருவர் உடம்புக்குள் ஒரு மருந்து போகக் கூடாது என்பதும் எங்கள் சட்டம்தான். தெளியட்டும், தெளிந்ததும் சொல்லியாக வேண்டும் என்றார் டாக்டர்.

தெளிந்த அன்று காலை பெயிண்டர் உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்து, இது என்ன, புதுசா இருக்கே என்று கேட்டார். நடுக்கத்துக்கு என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். எனக்கும் அந்த அக்காவுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே தட்டை எடுத்து வந்தேன்.  டாக்டரிடம் போய், சாயங்காலத்துக்கு மேல் என்னால் முடியாது, இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றேன்.

பார்வையாளர் அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். வார்டு அடுப்பில் நானே டீ போட்டு எடுத்துப் போயிருந்தேன், கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும் என்று. டாக்டர் ஆரம்பித்து வைத்தார். அக்கா சொன்னார். டீயில் போட்டதைச் சொன்னார், அதிகமாக்கியதைச் சொன்னார். அது யாருக்கு எழுதிய மாத்திரை என்பதை மட்டும் சொல்லவில்லை.

பெயிண்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புரியாத பாடத்தைக் கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தார்.

“அப்ப நான் தூங்கினது?” என்றார்.

அக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“உன் வீட்டுலதான் எனக்குத் தூக்கம் வரும்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொன்னேனே அக்கா.”

எழுந்து உள்ளே போய்விட்டார். டாக்டர் பின்னால் போய் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். இப்போது போனால் உயிருக்கு ஆபத்து என்பதை இரண்டு முறை சொன்னார். புரிகிறது என்றாராம். புரிந்தும் பையில் துணியை எடுத்து வைத்தாராம். பையோடு திரும்பி வந்து என் முன்னால் நின்று, கதவைத் திறங்க என்றார்.

அக்கா எழுந்து, கை படாமல் இருந்த டம்ளரை நீட்டினார். டீயையாவது குடித்துவிட்டுப் போ என்றார். அந்த நேரத்தில் டீயை நீட்ட எப்படித்தான் மனம் வந்ததோ. வேறு எதை நீட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

“நீ முதல்ல குடி,” என்றார் பெயிண்டர்.

அக்கா குடித்தார். நின்றபடியே பாதி டம்ளரைக் குடித்துவிட்டு, மீதியை மேசையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கொத்துச் சாவியில் வாசல் சாவியைத் தேடினேன். கண்ணை மூடிக்கொண்டே எடுக்கிற சாவி, அன்றைக்கு என் விரலுக்கு அகப்படவே இல்லை. அகப்படாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி. பெயிண்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

அக்காவின் தலை தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கூப்பிட்டார், பதில் இல்லை. பையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பயத்தை எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

“இதுலயுமா சிஸ்டர்?”

“அது நான் போட்ட டீ. ஒண்ணும் கிடையாது.”

“பின்ன ஏன் எந்திரிக்க மாட்டேங்குறா?”

நாடி பிடித்துப் பார்த்தேன். சீராக இருந்தது. மெல்லிய குறட்டை கேட்டது. தூக்கம்தான், வெறும் தூக்கம்.

“அவங்க தூங்கி எவ்வளவு காலமாச்சோ,” என்றேன். “அது அவங்களுக்கு எழுதின மாத்திரை. உங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கெடந்து தூக்கம் போனதுக்கு. ஒண்ணுகூட அவங்க போட்டுக்கலை.”

பெயிண்டர் நின்றார். பிறகு பக்கத்து நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி வைத்து உட்கார்ந்தார். அக்காவின் தலை நழுவியபோது தோளைக் கொடுத்தார். பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது. சட்டப்படி நான் அக்காவை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். ஓரடி வைத்தேன்.

“எழுப்பாதீங்க, பூட்டு அக்கா,” என்றார். அந்தப் பெயரை என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டேன். அவர் மன்னித்தாரா, இல்லை, எழுந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மாலை மருந்து வேளை வந்தது. தட்டோடு போனேன். உள்ளங்கையை நீட்டினார்.

“பேரு சொல்லி, அளவு சொல்லிக் குடுங்க.”

பெயரைச் சொன்னேன். அளவைச் சொன்னேன். எதற்கு, எத்தனை வாரம், எப்படிக் குறைப்போம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மாத்திரையை வாயில் போட்டு, அக்கா மீதி வைத்திருந்த ஆறிப்போன டீயை எடுத்து விழுங்கினார்.